சிக்லிட் தொட்டியில் பாசி தின்னும் கெளுத்தி: முதலில் குகை, பிறகு மீன்

தொட்டிக் கண்ணாடியில் பச்சை படர்ந்ததும் பிளெக்கோ என்னும் பாசி தின்னும் கெளுத்தியை, அதாவது ஒரு சக்கர் மீனை, வாங்கி வந்து விட்டுவிடுவதுதான் பலரின் வழக்கம். சாதுவான மீன்கள் உள்ள தொட்டியில் அது எப்படியோ பிழைத்துக்கொள்ளும். சிக்லிட் வகையைச் சேர்ந்த சண்டைக்கார மீன்கள் உள்ள தொட்டியில் அப்படி நடக்காது. நான் வளர்த்த முதல் பிளெக்கோவை மூன்றாம் நாள் காலையில் தரையில் கிடக்கக் கண்டேன். முதுகுக் கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இரண்டு கண்களும் போயிருந்தன; துடுப்பு ஓரங்கள் நார் நாராகக் கிழிந்திருந்தன. அந்தத் தொட்டியில் அது ஒளிந்துகொள்ள ஓரிடம்கூட நான் வைக்கவில்லை.

பிளெக்கோவின் உடலில் செதில்களுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் இருக்கின்றன. அதை நம்பித்தான் 'எந்தச் சிக்லிட்டோடும் வாழும்' என்று சொல்லிவிடுகிறார்கள். கண்களுக்கும் துடுப்பு ஓரங்களுக்கும் அந்தக் கவசம் கிடையாது. எல்லையைக் காக்கும் சிக்லிட் கொத்துவதும் அங்கேதான். கெளுத்தியைக் காப்பாற்றுவது அதன் அளவுக்குச் சரியான ஒரு பொந்து. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

படி 1: எந்தச் சிக்லிட்டோடு எந்தக் கெளுத்தி என்று தேர்ந்தெடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது பிரிசில்நோஸ் பிளெக்கோ. 12 முதல் 15 செ.மீ. வரைதான் வளரும், வளர்ந்த பிறகும் பாசியை விடாமல் சுரண்டும். ஆணின் மூக்கில் கிளைவிட்ட மீசை போன்ற தசைமுட்கள் முளைக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த பாறைச் சிக்லிட்களோடும், கான்விக்ட் போன்ற நடுத்தர அளவுள்ள சிக்லிட்களோடும் இதை வைக்கலாம். 120 செ.மீ. நீளம், 200 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு உள்ள தொட்டி வேண்டும்.

ஆஸ்கார் என்னும் பெரிய சிக்லிட்டின் கதை வேறு. அது 30 செ.மீ. தாண்டும், வாயில் அடங்கும் எதையும் விழுங்கிப் பார்க்கும். சிறிய கெளுத்தியை விழுங்கினால், கெளுத்தி துடுப்பு முட்களை விறைத்துக்கொள்ளும். முள் தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகக்கூடும். ஆஸ்காரோடு வைப்பதானால் சாதாரணப் பிளெக்கோ, அதுவும் 15 செ.மீ. தாண்டியது. அது 30 முதல் 45 செ.மீ. வரை வளரும் மீன். 500 லிட்டர் தொட்டி இல்லாதவர்கள் அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. ஃபிளவர்ஹார்ன் என்னும் சிக்லிட்டைத் தனியாக வளருங்கள். அதோடு எந்தக் கெளுத்தியையும் சேர்க்க என் மனம் ஒப்பாது.

படி 2: குகையை அளந்து வையுங்கள்

நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலை இது. பெரிய குகை என்றால் நல்ல குகை என்று நினைக்காதீர்கள். கெளுத்தி நுழைய முடிந்து, சிக்லிட் உள்ளே திரும்ப முடியாத குகைதான் பயன்படும். வளர்ந்த பிரிசில்நோஸுக்கு உள்விட்டம் சுமார் 5 செ.மீ., நீளம் 15 செ.மீ., ஒரு முனை அடைத்த குழாய் போதும். சுட்ட மண் குழாய், பிவிசி குழாய், தட்டைக் கற்களை மீன்தொட்டிக்கான சிலிக்கானால் ஒட்டிச் செய்த பெட்டி எதுவானாலும் சரி. வாய் விளிம்பில் கூர்மை இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள்.

இவ்வளவு இறுக்கம் எதற்கு என்று தோன்றும். டார்ச்சோடு ஒருமுறை பார்த்தால் புரியும். ஆபத்து நெருங்கியதும் பிளெக்கோ தலையை உள்ளே விட்டு, முதுகுத் துடுப்பையும் பக்கத் துடுப்புகளையும் விரித்து, அவற்றின் முதல் முட்களைச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். வெளியே தெரிவது வால் மட்டுமே. அந்த நிலையில் அதை நம்மாலேயே இழுத்து எடுக்க முடியாது. சிக்லிட் இரண்டு முறை முட்டிவிட்டுப் போய்விடும். குகை அகலமாக இருந்தால் முட்களுக்கு ஊன்ற சுவர் கிடைக்காது.

ஒரு மீனுக்கு இரண்டு குகைகள், தொட்டியின் இரண்டு எதிர் மூலைகளில் வையுங்கள். ஒன்றைச் சிக்லிட் தன் எல்லைக்குள் வளைத்துக்கொண்டாலும் இன்னொன்று இருக்கும். மணலைக் கொட்டுவதற்கு முன்பே குகைகளையும் பாறைகளையும் அடிக்கண்ணாடியில் அமர்த்திவிடுங்கள். சிக்லிட்கள் ஓயாமல் மணலைத் தோண்டும். மணல்மீது வைத்த பாறை ஒரு நாள் சரியும், அடியில் இருப்பது கெளுத்தியாக இருக்கும்.

ஊறவைத்த மரக்கட்டை ஒன்றும் போடுங்கள். பிரிசில்நோஸ் அதை விரும்பிச் சுரண்டும்.

படி 3: தண்ணீர்

வடிகட்டியை ஓடவிட்டு 4 முதல் 6 வாரம் தொட்டியைப் பழக்குங்கள். பரிசோதனையில் மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டிய பிறகே மீன். வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். மலாவி மீன்களுக்கு பிஎச் 7.7-க்கு மேல் வேண்டும். பிரிசில்நோஸ் 8 வரை பழகிக்கொள்ளும், ஆனால் மெதுவாக. மீன் வந்த நீரில் மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்த்து, ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள்.

படி 4: கெளுத்தி முதலில்

தொட்டி காலியாக இருக்கும்போதே கெளுத்தியை விடுங்கள். ஒரு வாரத்தில் அது தன் குகையைத் தேர்ந்துகொள்ளும். பிறகு வரும் சிக்லிட்களுக்கு அது அந்த இடத்தின் பழைய குடி.

ஏற்கெனவே சிக்லிட் இருந்தால், அவற்றுக்கு முதலில் வயிறு நிறைய உணவு கொடுங்கள். பாறைகளை இடம் மாற்றுங்கள். பழைய எல்லைகள் கலைந்து அவை குழம்பி நிற்கும். விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, கெளுத்தியைக் குகை வாசலுக்கு அருகில் விடுங்கள்.

படி 5: இரவு உணவு

குகைக்கு அடுத்தபடி அதிகம் தவறு நடப்பது இதில்தான். தொட்டியில் இருக்கும் பாசி ஒரு பிளெக்கோவுக்குச் சில நாள்களுக்கே போதும். கழிவை அது தின்னாது. தானும் நிறையக் கழிவு போடும். பகலில் நீங்கள் போடும் உணவு முழுவதையும் சிக்லிட்கள் தரையைத் தொடுமுன் முடித்துவிடும். கெளுத்தி மெல்ல மெல்ல இளைக்கும். பசித்த பிளெக்கோ, இரவில் அசையாமல் நிற்கும் பெரிய மீனின் உடலில் ஒட்டி வழவழப்புப் படலத்தைச் சுரண்டத் தொடங்குவதும் உண்டு.

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, மூழ்கும் பாசி வில்லை ஒன்றைக் குகை வாய்க்கே போய்ச் சேரும்படி போடுங்கள். நான் நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றை நீருக்குள் நிறுத்தி, அதன் வழியாக நழுவவிடுவேன். வாரத்தில் இரண்டு நாள் வெள்ளரித் துண்டு அல்லது ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்த கீரை. கல்லில் கட்டி இறக்கி, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள்.

சரியான நேரம் எது என்பதை மீனின் கண்ணே காட்டும். நல்ல வெளிச்சத்தில் பிளெக்கோவின் கருவிழிக்குள் ஒரு சிறு மடல் இறங்கி, கண்பாப்பாவைப் பிறை போல ஆக்கியிருக்கும். இருட்டில் மடல் சுருங்கி, பாப்பா வட்டமாகத் திறக்கும். இவ்வளவு சிறிய கண்ணுக்குள் இப்படி ஒரு திரை இருப்பதை முதலில் கவனித்த இரவில் நான் வெகுநேரம் தொட்டியருகே உட்கார்ந்திருந்தேன்.

படி 6: வாரம் ஒருமுறை வயிற்றைப் பாருங்கள்

கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அதன் அடிவயிறு தெரியும். தட்டையாகவோ லேசாகப் புடைத்தோ இருந்தால் நல்லது; உட்குழிந்திருந்தால் உணவு போய்ச் சேரவில்லை. துடுப்பு ஓரத்தில் புதிய கிழிசல் தெரிந்தாலும், பகலெல்லாம் மேற்பரப்பின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அன்றே பிரித்துவிடுங்கள். கிழிந்த துடுப்பு சில வாரங்களில் வளர்ந்துவிடும். போன கண் வராது.

பிரிக்கும்போது வலை வேண்டாம். முட்கள் வலையில் மாட்டிக்கொள்ளும், விடுவிப்பதற்குள் மீன் கிழிபடும். கையால் குகை வாயை மூடி, குகையோடு சேர்த்துத் தூக்கி வாளியில் இறக்குங்கள். அது தானாக வெளியே வரும்வரை காத்திருங்கள்.