தேவதாரு கட்டையில் வாசம் போய்விட்டதா? உப்புத்தாள் போதும்

துணியில் பூச்சி அண்டாமலிருக்க பீரோவில் போட்ட தேவதாரு கட்டையில் வாசம் குறைந்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் உப்புத்தாளால் எல்லாப் பக்கமும் லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து திரும்ப வையுங்கள்.

மரத்துக்குள் இருக்கும் எண்ணெய்தான் அந்த வாசத்தைத் தருகிறது. மேலே இருப்பது ஆவியாகிவிடும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். தேய்த்தால் புது மரம் வெளியே வருகிறது, அவ்வளவுதான். தர்மபுரி வெயிலில், மேற்குச் சுவரை ஒட்டி நிற்கும் பீரோ என்றால் வாசம் இன்னும் சீக்கிரம் போகும். அதை நிழலான சுவருக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

இமயமலை மரம் என்றாலும், நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பொடி வேண்டாம், துண்டாகவே வாங்குங்கள். பொடியில் வாசம் வேகமாகத் தீர்ந்துவிடும், மறுபடி தேய்க்கவும் வழியில்லை. இனிப்பே இல்லாத அந்த உலர்ந்த மரவாசம், சட்டையில் லேசாக ஒட்டியிருந்தாலே போதும், அத்தனை அருமை! மல்லிகைப் பூ வைத்தாலும் ஒன்றையொன்று அமுக்காது.

வார்னிஷ் அடித்த மரத்துக்கு இது சரிவராது, பூச்சு முழுவதும் போனால்தான் வாசம் வரும். பட்டுப் புடவை மேல் கட்டையை நேராக வைக்காதீர்கள், எண்ணெய்க் கறை படியலாம். அப்புறம், ஏற்கெனவே பூச்சி அரித்த துணி இருந்தால் வாசத்தை நம்பாதீர்கள். முதலில் பீரோவைக் காலி செய்து, துணிகளைத் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும்.