மார்கழிக் கூட்டத்துக்கு நடுவே தினமும் பதினைந்து நிமிடம்

கார்த்திகை பிறந்தால் ராமேஸ்வரம் பக்கத்து வீடுகளில் பாய் விரிக்க இடம் போதாது. அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட வரும் உறவினர், மாலை போட்ட சாமிகள், தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் கிறிஸ்துமஸுக்கு வந்து சேரும் பிள்ளைகள், அரையாண்டு லீவு, அதன் பின்னாலேயே பொங்கல். செலவு ஏறும் இந்த நாட்களில்தான் வாடையும் அடிக்கும். புயல் கூண்டு ஏறினால் படகு கரையில் கிடக்கும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலைப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்த வீடுகளில் இந்த மாதத்துக்கென்று தனியாக ஒரு பயமும் உண்டு. மனசு ஒரு நிலையில் நிற்காததில் ஆச்சரியம் இல்லை. அதை நிலைக்குக் கொண்டுவர, பாதம், மூச்சு, காது, இரண்டு வரி எழுத்து என்று தினமும் பதினைந்து நிமிடம் செய்யும் ஒரு பழக்கத்தைத்தான் இங்கே சொல்கிறேன்.

பண்டிகை நாளன்று இந்தப் பழக்கத்தைத் தொடங்காதீர்கள். மார்கழி முதல் தேதி டிசம்பர் 16 வாக்கில் வரும். அதற்குப் பத்து நாள் முன்பே, வீடு காலியாக இருக்கும்போதே தொடங்கினால் கூட்டம் வரும் நேரத்தில் உடம்பு பழகியிருக்கும்.

இதற்கென்று புதிதாக ஒரு நேரம் தேடினால் நாலாம் நாளே நின்றுபோகும். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் வாலில் இதைக் கட்டிவிடுங்கள். கோலம் போட்டுக் கை கழுவியதும் செய்யலாம், சுபுஹு தொழுததும் செய்யலாம், காலைப் பூசை முடிந்து வந்ததும் செய்யலாம். மீன் ஏலத்துக்கு இருட்டோடு கிளம்புகிறவர்களுக்கு விடியற்காலை தோதுப்படாது. திரும்பி வந்து கூடையைக் கழுவிக் கவிழ்த்ததும் செய்தால் போதும். நேரத்தைவிட, எந்த வேலைக்குப் பிறகு என்பது மாறாமல் இருப்பதுதான் முக்கியம். இடமும் அப்படியே: திண்ணை, மொட்டை மாடி, கொல்லைப்புறம், எதுவானாலும் தினம் அதே இடம். ஒரு மணைப் பலகை போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்காரலாம், ஆனால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படவேண்டும். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். வீட்டு ஆள் கடலுக்குப் போயிருந்தால் அதை அணைக்கச் சொல்வது நியாயமில்லை. மணியை மட்டும் விட்டு, கை எட்டாத தூரத்தில் வையுங்கள்.

முதல் மூன்று நிமிடம் வெறுங்காலோடு நிற்கவேண்டும். வல்லம் என்ற படகில் நிற்கிறவர் முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்கமாட்டார், லேசாகத் தளர்த்தித்தான் நிற்பார். அதே நிலைதான் இங்கேயும். உடம்பின் பாரத்தை மெல்லக் குதிகாலுக்கு, பிறகு பெருவிரல் பக்கம், பிறகு இடது கால், வலது கால் என்று மாற்றிப் பாருங்கள். தரையின் குளிர்ச்சி, கோலமாவின் நறநறப்பு, எது பாதத்தில் படுகிறதோ அதைக் கவனியுங்கள். கடன், சமையல், யார் எங்கே படுப்பது என்று யோசனை ஓடத்தான் செய்யும். ஓடியதைத் தெரிந்துகொண்டு மறுபடி பாதத்துக்கு வந்தால் சரி. ஐம்பது தடவை வந்தாலும் பரவாயில்லை.

அடுத்து உட்கார்ந்து முப்பது மூச்சு. நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ பத்து விநாடி, ஆகவே முப்பதுக்கு ஐந்து நிமிடம். மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் ஏறும், வெளியே விடும்போது இறங்கும். அதனால்தான் வெளிமூச்சை நீளமாக்குகிறோம். எண்ணிக்கைக்கு ஒரு கிண்ணத்தில் முப்பது சோழி வைத்து மூச்சுக்கு ஒன்றாக நகர்த்துங்கள். ஜெபமாலை வைத்திருப்பவர்களுக்கு மூன்று பத்து மணி, தஸ்பீஹ் என்றால் 33 மணியில் முப்பது. பிரார்த்தனைப் பொருளை இதற்கு எடுக்க மனம் வராதவர்களுக்குச் சோழியே நல்லது.

பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறு நடக்கும். நெஞ்சு நிறைய இழுக்கவேண்டும் என்று நினைத்து வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படி ஆனால் எண்ணுவதை நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். மறுநாள் மூன்றுக்கு நாலு என்று குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிப் பிடிப்பது இதில் கிடையவே கிடையாது. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எண்ணிக்கையை விட்டுவிட்டு, வெளிமூச்சைச் சற்று நிதானமாக விட்டால் மட்டும் போதும். கண்ணை மூடினால் பயம் வருகிறவர்கள் மூடவேண்டாம், தென்னை மட்டையையோ கடலின் விளிம்பையோ பார்த்துக்கொண்டு செய்யலாம்.

பிறகு நாலு நிமிடம் காது. எட்டத்தில் கேட்பதிலிருந்து தொடங்குங்கள்: படகு இன்ஜின், பஸ் ஹாரன், பாங்கு, கோயில் மைக், காக்கை, பக்கத்து வீட்டுக் குக்கர், கடைசியில் உங்கள் மூச்சு. பேர் மட்டும் சொல்லிக்கொள்ளுங்கள், நல்லது கெட்டது வேண்டாம். வீட்டில் பன்னிரண்டு பேர் இருந்தால் சத்தம்தான் தடை என்று தோன்றும். இந்த நாலு நிமிடத்தில் அந்தச் சத்தமே பாடம்.

கடைசி மூன்று நிமிடத்துக்குத் தினசரி காலண்டர். நேற்றைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் இரண்டு வரி: இன்று கட்டாயம் முடிக்கவேண்டிய ஒரே வேலை, இன்று முடியாது என்று சொல்லவேண்டிய ஒன்று. ஒரு வரிக்கு ஒன்றுதான்; பத்து எழுதினால் அது மளிகைச் சீட்டு ஆகிவிடும்.

கரையில் நடந்துகொண்டே செய்ய ஆசைப்படுகிறவர்கள், வாடைக்காலத்தில் வடகடல் சீறும், தென்கடல் அமைதியாக இருக்கும் என்பதைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள். உடைந்த சிப்பியும் தூண்டில் முள்ளும் மணலில் கிடக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வெறுங்கால் நடை வேண்டவே வேண்டாம். குத்தியது தெரியாமலே புண் பெரிதாகிவிடும். கூண்டு ஏறிய நாளில் கரைப்பக்கமே போகாதீர்கள்.

முதல் மூன்று நாலு நாள் முன்பைவிடப் படபடப்பு கூடியதுபோலத் தெரியலாம். ஓயாமல் ஓடிய உடம்பு உட்கார்ந்ததும்தான் அதன் களைப்பு தெரிகிறது; அதற்காக விட்டுவிடாதீர்கள். வீடு நிறைந்திருக்கும் கிறிஸ்துமஸ் அன்றும் பொங்கல் அன்றும் பாதத்துக்கு ஒரு நிமிடம், பன்னிரண்டு மூச்சு, அவ்வளவே. ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யவும் வேண்டாம். பகலில், "கல்யாணம் எப்போ, கடன் அடைஞ்சுதா" என்று யாராவது கேட்கும்போது, பதில் சொல்லும் முன் பாதத்தைத் தரையில் ஊன்றி ஒரே ஒரு வெளிமூச்சு.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லாமல் போனாலோ, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, சோழியை நம்பிக் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

காணும் பொங்கல் முடிந்து எல்லோரும் பஸ் ஏறிய பிறகு, இன்னும் ஏழு நாளாவது முழுப் பதினைந்து நிமிடத்தையும் செய்யுங்கள். வீடு வெறிச்சென்று ஆகும் அந்த வாரத்தில்தான் பலர் சோர்ந்து படுக்கிறார்கள்.