மறதி நோயாளி பல்லைக் கடிக்கிறாரா? டிஜிட்டல் முறையில் பல் உறை செய்யும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த முதியவர்கள் பலருக்குப் பற்களில் பழுப்புக் கறையும் குழிகளும் உண்டு. பாதிப்பு கடுமையாக இருந்தால் எனாமல் எளிதில் பெயர்ந்துவிடும் என்பதால், அவர்கள் மறதி நோய் கண்டபின் நறநறவெனப் பல்லைக் கடிப்பதை வயதின் இயல்பென்று விட்டுவிடக் கூடாது.

முதலில் காரணத்தைத் தேடுங்கள். வலியை வாய்விட்டுச் சொல்ல இயலாதவர், சொத்தைப்பல்லோ பொருந்தாத பல்செட்டோ உறுத்துவதாலும் கடிக்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின், கடும் பதற்றத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரைகளாலும் இது வரக்கூடும். மருந்துச்சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

பற்கள் தேயாமலிருக்க இரவில் மாட்டிக் கழற்றும் உறை தேவைப்பட்டால், வாய்க்குள் விட்டுப் பற்களைப் படமெடுத்து அளவெடுக்கும் வாய் ஸ்கேனர் வைத்திருக்கும் பல் மருத்துவமனையைக் கேட்டறிந்து செல்லுங்கள். மாவுக்கலவையை வாயில் அழுத்தி அளவெடுக்கும் பழைய முறையில் குமட்டல் வரும். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்குப் புரையேறும் ஆபத்தும் உண்டு. ஸ்கேனரிலோ பாதியில் நிறுத்தி, அவர் அமைதியடைந்தபின் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். மாலையில் பதற்றம் கூடும் நோயாளிகள் பலர் என்பதால் காலை நேரத்தையே கேளுங்கள். கருவியின் முனையை முதலில் அவர் கையில் தொடவிட்டு, பிறகு உதட்டருகே கொண்டுபோய், கன்னப் பக்கமாக மெல்ல நுழைப்பது நல்லது. அவருக்குப் பழகிய ஒருவர் கையைப் பிடித்தபடி அருகில் அமர்ந்திருப்பது எந்த மயக்க மருந்தையும்விட மேலானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த அளவைக் கொண்டு கணினியில் வடிவமைத்து, கடைந்தோ முப்பரிமாண அச்சிலோ உறையைச் செய்வார்கள். சிறு துண்டாக இல்லாமல் ஒரு தாடையின் பற்கள் முழுவதையும் மூடும் கெட்டியான உறையைக் கேளுங்கள். உறை செய்யப் பயன்படும் சாதாரண அக்ரிலிக் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. உடைந்த துண்டை விழுங்கிவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். எனவே நாள்தோறும் வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பாருங்கள். பல்துலக்கியால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம், உறை வளைந்துவிடும். நோய் முற்றியவருக்கும், கழற்றிவிட இரவில் ஆள் இல்லாத வீட்டிலும் உறையே வேண்டாம். அங்கே வலியைத் தீர்ப்பதும், கூரான பல்முனையைத் தேய்த்துவிடுவதும் போதும்.

ஸ்கேன் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உறை தொலைந்தாலும், பல்லமைப்பு மாறாதவரை மீண்டும் அளவெடுக்காமலே புதிதாகச் செய்யலாம். சில மாதங்கள் கழித்து எடுக்கும் ஸ்கேனை அதன்மேல் பொருத்திப் பார்த்தால், எந்தப் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மருத்துவர் திரையிலேயே காட்டுவார்.