காப்புரிமைக்கு முன்னால் மேடை ஏறாதீர்கள்: அரசு ஆராய்ச்சி நிதி தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கோவையில் ஓர் இன்குபேட்டரில் (புதிய தொழில்முயற்சிகளைக் கைதூக்கிவிடும் மையம்), அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கப் போகும் இளைஞர்களோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதாக வந்த குழு நல்ல கருவி ஒன்றைச் செய்திருந்தது. கிளம்பும்போது அவர்களில் ஒரு பெண் சொன்னார்: “அடுத்த வாரம் கண்காட்சியில ஸ்டால் போடுறோம் சார். பேட்டன்ட் அப்புறம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்.” எட்டு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தைகள். அவர்களை மறுபடி உட்கார வைத்து இரண்டு மணி நேரம் பேசினேன். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுத்துப் பிழை, விடுபட்ட கையெழுத்து, தவறான கோப்பு போன்றவற்றை உங்கள் இன்குபேட்டர் மேலாளரே பார்த்துக்கொள்வார். அவரும் கவனிக்காமல் விட்டுவிடுகிற விஷயங்கள் வேறு.

எல்லாப் பணத்தையும் மானியம் என்று நினைப்பது

“ஒரு லட்சம் கோடி ஒதுக்கியிருக்காங்களாமே, அதுல நமக்கு ஒரு அம்பது லட்சம் வராதா?” என்று கேட்காத குழுவே இல்லை. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதியைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பணம் குறைந்த வட்டி அல்லது வட்டியில்லாத நீண்ட காலக் கடனாகவோ பங்கு முதலீடாகவோ வரும். அதுவும் நேராக வராது, இடையில் நிதி மேலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் முதிர்ந்திருக்கிறது என்று சொல்லும் தயார்நிலை அளவுகோலில் நான்காம் படியையாவது எட்டியவர்களுக்குத்தான் அது. மேசை மேல் பிரெட்போர்டில் ஒரு சர்க்யூட்டை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இல்லை.

அந்த நிலையில் இருப்பவர்களுக்கான கதவுகள் சிறியவை. முன்மாதிரி செய்ய மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘நிதி பிரயாஸ்’ (NIDHI-PRAYAS) திட்டம் 10 லட்சம் வரை தருகிறது. உயிரித் தொழில்நுட்பம் என்றால் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் (BIRAC) ‘பிக்’ (BIG) மானியம், 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை. பாதுகாப்புத் துறைக்கு ஐடெக்ஸ் (iDEX) திட்டம். 2018 ஏப்ரலில் நம் திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில்தான் அதைத் தொடங்கினார்கள். ராணுவம் தன் பிரச்சினையைப் பொதுவில் சொல்லி, தீர்வு யாரிடமிருந்து வந்தாலும் எடுத்துக்கொள்கிற ஏற்பாடு அது. ஒன்றரைக் கோடி வரை கிடைக்கும், ஆனால் அதற்கு இணையான பங்கை நீங்களும் போட வேண்டும். இந்த ‘நீங்களும்’ என்பதைப் படிக்காமல் தேர்வாகிவிட்டு, பிறகு நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

எதை முதலில் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். 2021-இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் ஒரு விதி உண்டு. வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தால் தகுதி போய்விடும். போட்டியில் ஜெயித்த பரிசுத் தொகை அந்தக் கணக்கில் வராது. இதை அறியாமல் பெரிய மானியத்தை முதலில் வாங்கிவிட்டு, பிறகு இந்தக் கதவு மூடியிருப்பதைப் பார்த்து நிற்கிறார்கள். எந்தத் திட்டத்துக்கு எழுதினாலும், அதன் தகுதிப் பத்தியை மற்ற திட்டங்களின் தகுதிப் பத்தியோடு சேர்த்து வைத்துப் படியுங்கள்.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் ஊருக்குக் காட்டுவது

இதைப் பற்றிப் பேசும்போது இன்றும் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

நாங்கள் மூன்று பேர் கொப்பரையின் ஈரப்பதத்தை அளக்கும் ஒரு கைக்கருவி செய்தோம். காங்கேயம் பக்கம் களங்களில் கொப்பரையை உடைத்துப் பார்த்துத்தான் காய்ந்ததா என்று சொல்வார்கள். அனுபவசாலிகளின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் விலை பேசும்போது வியாபாரி சொல்வதுதான் கணக்கு. விவசாயி கையில் ஓர் எண் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. கொப்பரையின் வளைவுக்குள் சரியாகப் பதியும்படி இரண்டு மின்முனைகளை ஒரு குறிப்பிட்ட வடிவில் வளைத்திருந்தோம். கருவியின் சூட்சுமம் முழுக்க அந்த வளைவில்தான். பதினொரு மாத வேலை.

அப்போது ஒரு புத்தாக்கப் போட்டி வந்தது. இறுதிச் சுற்றில் மேடை ஏறி, கருவியைக் கழற்றி, மின்முனையைக் கையில் தூக்கிப் பிடித்து விளக்கினோம். ஸ்டாலில் அதன் குறுக்குவெட்டுப் படத்தை அளவுகளோடு பெரிய போஸ்டராக ஒட்டினோம். பரிசும் கிடைத்தது. நடத்தியவர்கள் நல்ல எண்ணத்தில் எங்கள் பேச்சை யூடியூபில் ஏற்றினார்கள். நாங்களும் பெருமையோடு எல்லோருக்கும் அனுப்பினோம்.

ஐந்து மாதம் கழித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தோம். பிறகு கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வறிக்கை வந்தது. ‘இந்தக் கண்டுபிடிப்பு ஏற்கனவே பொதுவெளியில் வெளியாகியிருக்கிறது’ என்று எழுதி, ஆதாரமாக ஒரு இணைப்பைக் கொடுத்திருந்தார்கள். திறந்து பார்த்தேன். மேடையில் நான் நிற்கிறேன், கையில் மின்முனை இருக்கிறது.

புதியது என்றால் விண்ணப்ப நாளுக்கு முன் உலகில் எங்கும் வெளியாகாதது என்று பொருள். கண்டுபிடித்தவரே வெளியிட்டாலும் வெளியானது வெளியானதுதான். அந்த ஆய்வாளர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர் வேலையைச் சரியாகச் செய்தார். பதில் எழுத ஆறு மாதம் கொடுத்திருந்தார்கள். வழக்கறிஞரோடு உட்கார்ந்து, எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் கோரிக்கைகளைச் சுருக்கிச் சுருக்கி எழுதிப் பார்த்தோம். மின்முனையின் வடிவத்தை விட்டுவிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லை. கைவிட்டோம். ஒன்றரை வருடத்தில் அதே வளைவோடு வேறொருவரின் கருவி சந்தைக்கு வந்தது. அவர்கள் திருடவில்லை. சட்டப்படி யாரும் செய்யலாம் என்ற நிலைக்கு அதைக் கொண்டுபோனது நாங்கள்தான்.

இந்தத் தவறை ஏன் எல்லோரும் செய்கிறார்கள்? ‘வெளியிட்ட பிறகும் ஒரு வருடம் அவகாசம் உண்டு’ என்று நெட்டில் படிக்கிறார்கள். அது அமெரிக்கச் சட்டம். நம் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவிலும் 12 மாத அவகாசம் இருக்கிறது, ஆனால் எல்லாக் கண்காட்சிக்கும் இல்லை. மத்திய அரசு அதற்கென்று அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும், அல்லது கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரையாக இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி ஹேக்கத்தானும் இன்குபேட்டரின் டெமோ நாளும் அதில் சேரும் என்று நம்பி இறங்காதீர்கள்.

இன்னொரு பிரிவும் உண்டு. இதைச் சொன்னால் பலருக்கும் முகம் மலர்ந்துவிடுகிறது. 30-ஆம் பிரிவின்படி, கண்டுபிடிப்பை அரசிடமோ, அதை ஆராய அரசு அதிகாரம் கொடுத்தவரிடமோ தெரிவித்த ஒரே காரணத்தால் அதன் புதுமை போய்விடாது. அதாவது மானியத்துக்காக அரசுக்கு எழுதிக் கொடுப்பது வேறு, மேடையில் காட்டுவது வேறு. விண்ணப்பிக்கப் பயந்து ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் மதிப்பீட்டுக் குழுவில் தனியார் நிறுவனத்தார் இருக்கிறார்களா, விண்ணப்பம் ரகசியமாக வைக்கப்படுமா, சுருக்கத்தை இணையதளத்தில் போடுவார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போட்டி நடத்துவது தனியார் என்றால் இந்தப் பாதுகாப்பை நம்பவே வேண்டாம்.

சரி, என்ன செய்வது? முதலில் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தனிநபர், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். நாங்கள் அந்த போஸ்டர் அச்சடிக்கக் கொடுத்தது அதைவிட அதிகம். அதன்பின் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய 12 மாதம் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தள்ளிப் போடாதீர்கள். ஸ்டார்ட்அப்களுக்காக 2016-இல் தொடங்கிய திட்டத்தில், காப்புரிமை விண்ணப்பத்தைத் தயாரித்துத் தரும் உதவியாளரின் கட்டணத்தை அரசே கொடுக்கிறது, அலுவலகக் கட்டணம் மட்டும்தான் உங்களுடையது.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. ‘ஈரப்பதம் அளக்கும் கருவி’ என்று அரைப் பக்கம் எழுதித் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டுத் தைரியமாக மேடை ஏறுவார்கள். அந்த அரைப் பக்கத்தில் எதைச் சொன்னீர்களோ அதற்குத்தான் அந்த விண்ணப்பத் தேதி கிடைக்கும். வடிவம், அளவு, மாற்று வழிகள், படங்கள், அளந்து பார்த்த முடிவுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். தற்காலிகம் என்ற பெயரைப் பார்த்து அலட்சியமாக எழுதிவிடாதீர்கள்.

அதன் பிறகும் மேடையில் கருவி என்ன செய்கிறது, எவ்வளவு துல்லியம், யாருக்குப் பயன் என்று பேசுங்கள். எப்படிச் செய்கிறது என்பதை உள்ளேயே வையுங்கள். நடுவர் கேட்டால், “விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, ரகசிய ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பேசலாம்” என்று சொல்லுங்கள். இதற்காக மதிப்பெண்ணைக் குறைத்த நடுவரை நான் பார்த்ததில்லை. திறந்த புத்தாக்கம் (வெளியாரோடு சேர்ந்து புதியதை உருவாக்குவது) என்றால் எல்லாவற்றையும் திறந்து கொட்டுவது என்று யாரோ இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எதை, யாருக்கு, என்ன நிபந்தனையில் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதுதான் அது.

தலைப்பு மாற்றிச் செலவு செய்வது

மானிய உத்தரவில் கருவி, நுகர்பொருள், பயணம், ஊதியம் என்று தலைப்பு தலைப்பாகப் பணம் பிரித்திருக்கும். நுகர்பொருள் தலைப்பில் மிச்சம் இருந்த பணத்தில் நாங்கள் ஒரு லேப்டாப் வாங்கினோம். வேலைக்குத்தான் வாங்கினோம், பில்லும் இருந்தது. தணிக்கையில் ஏற்கவில்லை, கைக்காசைக் கட்டினோம். அதைவிட வலித்தது, பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் சிக்கியதால் அடுத்த தவணை ஏழு மாதம் தள்ளிப்போனது. தலைப்பு மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் கொடுக்கிறார்கள். மானியத் தொகை வங்கியில் ஈட்டிய வட்டியும் அரசுடையது, அதைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

கல்லூரியோடு சேர்ந்து செய்பவர்கள் கொள்முதல் விதியையும் பாருங்கள். 2025 ஜூனில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குச் சில தளர்வுகள் வந்தன. விலைப்புள்ளி இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது. சில அலுவலகங்களில் இன்னும் பழைய வரம்பையே சொல்கிறார்கள். உத்தரவின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பேராசிரியரோடு வாய்வார்த்தை

பணம் வருவதற்கு முன் எழுதிக் கையெழுத்திடுங்கள்: காப்புரிமை யார் பெயரில், வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, மாணவர் படிப்பு முடித்துப் போனால் என்ன.

ஏற்கனவே யாராவது செய்துவிட்டார்களா என்று தேடாமல் தொடங்குவது

காப்புரிமைத் தேடல் தளங்கள் இலவசம். அரசுக் கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ மூலம் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களும் கிடைக்கின்றன. நாங்கள் ஒவ்வொரு கட்டுரைக்கும் தெரிந்தவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தோம். தனியாக நிறுவனம் நடத்துபவர்கள் இந்த வசதி உள்ள கல்லூரி ஒன்றோடு கூட்டுச் சேருங்கள், ஆய்வு இதழ்களுக்காகவே சேரலாம்.

முதல் தவணையை நம்பி ஆள் எடுப்பது

உத்தரவு வந்த நாள் வேறு, பணம் வரும் நாள் வேறு. ஆறு மாதச் சம்பளம் கையில் இல்லாமல் யாருக்கும் வேலை உறுதி கொடுக்காதீர்கள்.

கடைசி நாள் இரவு விண்ணப்பிப்பது

வேண்டாம்.

அந்தப் பெண்ணின் குழு கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு தற்காலிக விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தது. பதினெட்டுப் பக்கம், ஏழு படம். ரசீதைப் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். ஸ்டாலில் ஒட்டிய போஸ்டரையும் அனுப்பினார்கள், அதில் குறுக்குவெட்டுப் படம் இல்லை.