மனநல வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் நோயாளியிடம் எப்படிப் பேசுவது

முதல் வாரம் என்ன பேசுவது என்றே தெரியாது, அது சரிதான். பேச்சைவிட உட்காரும் விதம் முதலில் முக்கியம்: நேருக்கு நேராக முறைத்தபடி இல்லாமல் சற்றே பக்கவாட்டில், கைக்கெட்டாத தூரத்தில், கதவுக்குப் போகும் வழி இருவருக்குமே திறந்திருக்கும்படி உட்காருங்கள். பெயரையும் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம் இருங்கள்.

குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்கு அது கேட்கவில்லை, ஆனால் உங்களுக்குக் கேட்கிறது, பயமாக இருக்கும் இல்லையா?" என்று சொல்லிவிட்டு, அப்புறம் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல் என்றால் அதை உடனே டாக்டரிடமும் சீனியர் நர்ஸிடமும் சொல்லியாக வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்றும் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பலருக்குக் கேட்டதே பெரிய நிம்மதி. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்பது விசாரணை போல ஒலிக்கும். "என்ன நடந்தது?" போதும். "எல்லாம் சரியாகிவிடும்" என்பதையும் விட்டுவிடுங்கள், அது பேச்சை அங்கேயே முடித்துவிடும். அவர் மௌனமாக இருந்தால் நீங்களும் இருங்கள், அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம். நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையிலான இந்த உறவே சிகிச்சையின் பகுதி என்று அமெரிக்க நர்ஸ் ஹில்டெகார்ட் பெப்லாவ் 1952-இலேயே எழுதினார். மனதை அழுத்தும் உரையாடல்களை, ஷிப்ட் முடிந்து கிளம்பும் முன் சீனியர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.