டெவ், டெஸ்ட், லைவ்: மூன்றையும் முதல் நாளே பிரித்து வையுங்கள்

2017 ஜனவரி 31 அன்று கோடைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் தளத்தின் பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாவை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்புகள் உதவவில்லை. ஸ்டேஜிங் எனும் சோதனைச் சூழலுக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த நகல்தான் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

நீங்கள் கோட் எழுதும் கம்ப்யூட்டர் டெவ். லைவ் போலவே அமைத்து ஓட்டிப் பார்க்கும் சர்வர் டெஸ்ட்; இதை ஸ்டேஜிங் என்றும் சொல்வார்கள். வாடிக்கையாளர் பயன்படுத்துவது லைவ். சரி, பிரிக்கத் தொடங்குவோம்.

1. டேட்டாபேஸ்

மூன்று டேட்டாபேஸ், மூன்று யூசர், மூன்று பாஸ்வேர்டு. எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. டெஸ்ட் யூசரை வைத்து லைவ் டேட்டாபேஸுக்குள் நுழைய முயன்று பாருங்கள். அனுமதி இல்லை என்று பிழைச் செய்தி வந்தால்தான் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள்.

2. என்வ் கோப்பு

டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்டு, பேமென்ட் சேவையின் ரகசியக் கீ எதையும் கோடுக்குள் எழுதாதீர்கள். இவற்றை எழுத ஒவ்வொரு சூழலுக்கும் தனி என்வ் (.env) கோப்பு வைத்து, அதன் பெயரை கிட்இக்னோரில் (.gitignore) சேருங்கள்; கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், அந்தப் பட்டியலில் உள்ளதைச் சேர்க்காது. தப்பித்தவறி கிட்டுக்குள் போய்விட்டால், கோப்பை அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது முந்தைய பதிவில், அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டியதுதான்.

3. டெஸ்ட் டேட்டா

லைவில் இருந்து நகலெடுத்தால் பெயர், போன் நம்பர், மெயில் முகவரியை மாற்றிவிட்டு வையுங்கள். மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் வெளியே போகாதபடி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சோதிக்கும் ‘ஆர்டர் ரத்து’ செய்தி நிஜமான ஒருவருக்குப் போய்ச் சேரும். ஆன்லைனில் பணம் வாங்க உதவும் ரேசர்பே, ஸ்ட்ரைப் இரண்டும் டெஸ்ட் கீ தனியாகத் தருகின்றன. பணம் நகராமலே சோதிக்கலாம்.

4. நிறம்

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் லைவுக்குச் சிவப்பு, ஸ்டேஜிங்குக்கு மஞ்சள் என்று நிறம் பிரிக்க கிட்லேப் முடிவெடுத்தது. நீங்களும் செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

5. லைவுக்கு அனுப்புதல்

கோட் எப்போதும் டெவ், டெஸ்ட், லைவ் என்ற வரிசையில்தான் நகர வேண்டும். அவசரத்தில் லைவ் சர்வரிலேயே ஒரு வரியைத் திருத்தினால் அது கிட்டில் இருக்காது. அடுத்த டிப்ளாயில், அதாவது கோடை மறுபடி லைவுக்கு அனுப்பும்போது, பழைய பிழை திரும்ப வரும். அப்புறம், லைவில் கை வைக்கும் முன் பேக்கப் எடுங்கள். அதை வேறொரு காலி டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து, கடைசியாக வந்த ஆர்டர் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு டிப்ளாய் செய்யுங்கள்.