40 கிலோமீட்டர் பயணத்துக்குக் குதிரையைத் தயார் செய்வது எப்படி?

வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம் சவாரி. மற்ற நேரமெல்லாம் லாயம். இப்படி இருக்கும் ஒரு குதிரையை 40 கி.மீ. தாங்கும் அளவுக்குக் கொண்டுவர எவ்வளவு நாள் ஆகும்? நோய்நொடி இல்லாத குதிரை என்றால் நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதத்திலேயே அது துள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கும், "போதும், தயாராகிவிட்டது" என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் நிறையக் குதிரைகள் நொண்டுகின்றன.

காரணம் எளிது. இதயமும் தசையும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். தசைநாண்களுக்கும் மூட்டைப் பிணைக்கும் நார்களுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். எலும்பு இறுகுவதற்கு அதைவிடவும் கூடுதல் காலம் பிடிக்கும். மூச்சு பலப்பட்ட குதிரை, இன்னும் பலப்படாத காலை வைத்துக்கொண்டு ஓடும். அதனால் கீழே உள்ள திட்டம் முழுவதும் கால் பலப்படும் வேகத்துக்கு ஏற்பப் போட்டது.

படி 1: தொடங்கும் முன்

குதிரைக்கு ஐந்து வயதாவது நிறைந்திருக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டி நொண்டல், இதயம், பல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். லாடம் புதிதாக அடித்திருந்தால் நல்லது. சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ.

படி 2: நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு மேலே போகாதீர்கள். சாதாரண ஸ்டெதாஸ்கோப் போதும். குதிரையின் இடப்பக்கம் நின்று, முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், வயிற்றுவார் போகும் இடத்தில் வையுங்கள். "லப்-டப்" என்று இரண்டு சத்தம் கேட்கும். அது இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. புதியவர்கள் தனித்தனியாக எண்ணிவிட்டு, 80 வருகிறதே என்று பயந்துபோவார்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள்.

ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை வரும். மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். ஒரு வாரம் காலையில் தீனி வைப்பதற்கு முன் பார்த்து நோட்டில் எழுதுங்கள். உங்கள் குதிரையின் சொந்த அளவு என்ன என்று பிடிபட்டுவிடும். பின்னால் ஒருநாள் காலையில் அது வழக்கத்தைவிட எட்டு, பத்து துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்றைக்குச் சேணம் போடாதீர்கள்.

படி 3: முதல் நான்கு வாரம், நடை மட்டும்

வாரத்துக்கு நான்கு நாள். முதல் வாரம் 30 நிமிடம், நான்காவது வாரம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தூங்கி வழியும் நடை உதவாது. மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் சுறுசுறுப்பாக நடக்க வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் காலுக்கு அஸ்திவாரம் விழுவது இந்த மாதத்தில்தான்.

படி 4: ஐந்து முதல் எட்டாவது வாரம், ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சீரான ஓட்டம்)

பத்து நிமிடம் நடத்திவிட்டு, 2 நிமிடம் ட்ராட், 3 நிமிடம் நடை என்று நான்கு சுற்று. ட்ராட் நேரத்தை மெதுவாக ஏற்றி, எட்டாவது வாரத்தில் ஒரே ஓட்டத்தில் 8 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட சவாரி; 12 கி.மீ.யில் தொடங்கலாம்.

தரையைப் பாருங்கள். தார் ரோட்டில் ட்ராட் போனால் மூட்டுக்கு அதிர்ச்சி. ஆழமான மணலில் போனால் தசைநாணுக்குச் சுமை. இறுகிய மண் பாதை கிடைத்தால் அதை விடாதீர்கள்.

தூரம், வேகம், மேடு — மூன்றில் ஒரு வாரத்துக்கு ஒன்றைத்தான் கூட்டலாம். அதுவும் பத்து சதவீதம் அளவுக்கு. ஒவ்வொரு நான்காவது வாரமும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒன்பதிலிருந்து பதினைந்தாவது வாரம் வரை

மேட்டு நிலம் இருந்தால் இப்போது பயன்படுத்தலாம். ஏற்றத்தில் நடந்தாலே இதயத்துக்கு வேலை கிடைக்கும், வேகம் தேவைப்படாது. இறக்கத்தில் ட்ராட் வேண்டாம். நீண்ட சவாரி படிப்படியாக 25, 30 கி.மீ. ஆகட்டும். கடைசி 30 கி.மீ. சவாரி, பயண நாளுக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசி வாரம் லேசான வேலை மட்டும்.

ஒவ்வொரு சவாரி முடிந்ததும் இறங்கி, வயிற்றுவாரைத் தளர்த்தி, பத்து நிமிடம் கழித்து நாடி பாருங்கள். 60க்குக் கீழே வந்திருந்தால் அன்றைய வேலை சரியான அளவு. 64க்கு மேலேயே நின்றால் அடுத்த வாரம் எதையும் கூட்டாதீர்கள். பன்னாட்டு எண்டியூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரைச் சவாரி) போட்டிகளிலும் பொதுவான வரம்பு இந்த 64தான். குறித்த நேரத்துக்குள் நாடி இறங்காத குதிரை வெளியேற வேண்டியதுதான்.

இன்னொரு நல்ல சோதனை உண்டு. நாடியை எண்ணிவிட்டு, குதிரையைக் கையில் பிடித்து 40 மீட்டர் ட்ராட்டில் ஓட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுங்கள். முன்பு 60 இருந்து இப்போதும் 60 என்றால் நிம்மதி. 68 என்றால் களைப்பு, அல்லது எங்கோ வலி.

அமெரிக்காவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பை (Tevis Cup) என்ற நெடுந்தூரக் குதிரைப் போட்டியில், கலிபோர்னியா மலைப்பாதை வழியாக 100 மைலை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். முதல் பத்து இடத்தில் வந்த குதிரைகளில் உடல்நிலை மிக நன்றாக இருப்பதற்கென்றே ஹாகின் கோப்பை என்று தனிப் பரிசு தருகிறார்கள். எனக்கு முதல் பரிசைவிட இதன்மேல்தான் மதிப்பு.

படி 6: வெயில், தண்ணீர், தீனி

நம் ஊர் வெயிலில் விடியற்காலைதான் பயிற்சி நேரம். கடுமையாக உழைக்கும் குதிரை மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும்; அந்த வியர்வை அதன் ரத்தத்தைவிட உப்பானது. வழியில் தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் குடிக்க விடுங்கள். சூடான குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது பழைய பயம். தாராளமாக, நிறுத்தாமல் ஊற்றுங்கள். சீக்கிரம் சூடு இறங்கும்.

தீனியில் முதலிடம் புல்லுக்கு. உலர்ந்த கணக்கில் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் நாள்தோறும். நார்த்தீனி குடலில் நீரைத் தேக்கி வைத்து, நீண்ட பயணத்தில் கைகொடுக்கும். கொள்ளும் ஓட்ஸும் வேலைக்கு ஏற்ப. ஓய்வு நாளில் அதைக் கட்டாயம் குறையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் வேலையில் தசை இறுகிப்போகும். தினமும் கொஞ்சம் உப்பு, எப்போதும் தண்ணீர்.

படி 7: தினமும் காலில் கை வையுங்கள்

சவாரிக்கு மறுநாள் காலை, குதிரையை வெளியே கொண்டுவரும் முன்பே, முழங்காலிலிருந்து கீழே பின்பக்கமாகக் கையை மெதுவாக இறக்கிக்கொண்டு வாருங்கள். தசைநாண் நூல் பிடித்தாற்போல் நேராக, இறுக்கமாக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அடுத்த காலிலும் அப்படியே செய்து ஒப்பிடுங்கள். ஒரு இடத்தில் சூடு, அல்லது விரல் அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறது என்றால் பயிற்சி நிற்க வேண்டும், மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நொண்டாவிட்டாலும்தான்.

சவாரியின் நடுவே தள்ளாடுவது, தண்ணீரைக் கண்டும் குடிக்க மறுப்பது, நாடித் துடிப்போடு சேர்ந்து விலாப்பக்கம் வெட்டி வெட்டி இழுப்பது — இவற்றில் எதைக் கண்டாலும் உடனே இறங்கி, சேணத்தைக் கழற்றி, நிழலில் நிறுத்தி, மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

40 கி.மீ. முடித்த மறுநாள் கையில் பிடித்து அரை மணி நேரம் நடத்துங்கள், பிறகு ஒரு வாரமாவது முதுகில் ஏறாதீர்கள்.